பொடிசுகளின் காவல்காரன்

பொறாமைப்பட ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பெரிய மாப்பிள்ளைக்குப் போயும் போயும் சொந்தச் சகலை மேல்தான் பொறாமை வந்தது. அந்தச் சகலையை ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு வந்து விட்டதும் அவரேதான். மச்சினிக்குக் கல்யாணம் ஆன மூன்றாம் மாதம், "தங்கச்சி புருஷன் நல்லாப் படிச்சவர், உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி கேட்டாள். இவரும் பெரிய மனசு பண்ணிச் சொன்னார். அன்றைக்கு அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பிறகு பல நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

மாமனார் வீட்டில் இவர் பெரிய மாப்பிள்ளை, அவன் சின்ன மாப்பிள்ளை. அந்தப் பெயர் எப்படியோ ஆபீஸ் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவர் சிப்பின் உள்கட்டமைப்பை வரைகிறவர், ஹார்டுவேர் பிரிவுக்குத் தலைவர், இருபது வருஷ அனுபவம். சின்னவன் அந்த சிப்புக்குக் கம்பைலர் எழுதுகிறவன். அதாவது, ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு சிப்பின் எந்த மூலையில் எப்போது நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுக் கொடுக்கும் மென்பொருள். இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். இவருக்கு முன்தலை காலியாகிவிட்டது, அவனுக்கு நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிவிடுவதே ஒரு வேலை. அதுவும் ஒரு எரிச்சல்தான்.

அந்த எரிச்சல் முற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மாமனார் ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டுக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஒரே சிப்புலதானே மண்டையை உடைச்சுக்கறீங்க? அது என்னதான் பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க பாப்போம்" என்றார்.

பெரிய மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் சின்னவன் டம்ளர்களை இழுத்து வரிசையாக வைத்துவிட்டான்.

"மாமா, இந்த டம்ளர்தான் ஒரு குட்டிப் ப்ராசசர். நாங்க பொடிசுன்னு சொல்வோம். பதினாறு வரிசை, வரிசைக்குப் பதினாறு, ஆக இருநூத்தி அம்பத்தாறு பொடிசு. ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கறவன்கிட்ட நம்பரை வாங்கும், பெருக்கும், கூட்டும், அடுத்தவன்கிட்ட தள்ளிவிடும். அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நேரத்துல பண்றதால வேலை சட்டுனு முடியும், கரண்டும் கம்மி."

"யாரு எப்ப தள்ளணும்னு யாரு சொல்றது?"

"கம்பைலர்தான் மாமா. எல்லாத்தையும் முன்னாடியே எண்ணி எழுதி வெச்சிடும். பொடிசுங்க எதையும் யோசிக்கவே வேண்டாம்."

"அட, நம்ம டைம்டேபிள்!" மாமனார் மேசையைத் தட்டினார். நாற்பது வருஷம் தன் வேலையை யாரும் மதிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத்தான் தன் சாதியைச் சேர்ந்த ஒருவனைக் கண்டுபிடித்த மாதிரி பூரித்துப் போனார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "அப்ப பெரிய மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டார்.

"அண்ணன்தான் மாமா அந்தப் பொடிசுங்களையே படைச்சது" என்றான் சின்னவன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

"ஓகோ! யோசிக்கத் தெரியாததை எல்லாம் படைச்சது இவர்தானா!"

மேசை முழுக்கச் சிரிப்பு. மாமியாருக்குப் புரையேறிவிட்டது. கூடச் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தது யார் தெரியுமா? பெரிய மாப்பிள்ளையின் சொந்தப் பெண்டாட்டி. அவரும் சிரித்து வைத்தார். ஆனால் அடுத்த நிமிஷமே இலையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு வலித்ததில் நியாயமும் இருந்தது. அவர் முன்பு படைத்த பொடிசுகள் யோசிக்கத் தெரிந்தவைதான். ஒவ்வொரு பொடிசின் வாசலிலும் ஒரு சின்ன சர்க்யூட் வைத்திருந்தார். பக்கத்து ஆளிடமிருந்து நம்பர் வந்துவிட்டதா என்று சிப்பின் கடிகாரம் துடிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் எட்டிப் பார்க்கும். வந்திருந்தால் உள்ளே விடும், வராவிட்டால் "கொஞ்சம் பொறு" என்று பொடிசை நிறுத்தி வைக்கும். ஆபீசில் அதற்குக் காவல்காரன் என்று பெயர். பதினொரு வருஷமாக அதைச் செதுக்கிச் செதுக்கிச் சின்னதாக்கியிருந்தார். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து வாய் பிளந்துவிட்டுப் போன சமாச்சாரம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்த புது சிப்புக்கான கூட்டத்தில்தான் வந்தது வினை. சின்னவன் எழுந்து, "மேடம், எந்த நம்பர் எந்தத் துடிப்புல எங்க வந்து சேரும்னு கம்பைலருக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச விஷயத்தை நின்னு பாக்க எதுக்கு ஒரு காவல்காரன்? எடுத்துட்டா கரண்ட் நல்லா மிச்சமாகும்" என்றான்.

டைரக்டர் மேடம் இரண்டு நிமிஷம் யோசித்தார். "சரி, எடுத்துடுங்க" என்றார். பதினொரு வருஷ உழைப்புக்கு இரண்டே நிமிஷம். பெரிய மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, குறிப்பேட்டில் "எடுக்கவும்" என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எடுக்கச் சொன்ன சர்க்யூட்டை அடியோடு பிடுங்கிப் போட மாட்டார்கள். ஒருவேளை பின்னால் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று உள்ளேயே விட்டு வைத்து, ஒரு சுவிட்சைப் போட்டுத் தூங்க வைப்பார்கள். ஒரு வரிக் கட்டளையில் தூங்கும், ஒரு வரிக் கட்டளையில் விழிக்கும். தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் சுவிட்ச் இருக்கிற இடத்தைச் சிப்பின் ஆவணத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பெரிய மாப்பிள்ளை காவல்காரர்களை உள்ளேயே விட்டு வைத்தார். தூங்க வைக்கவில்லை. ஆவணத்திலும் எழுதவில்லை. போதாக்குறைக்கு எண்ணிக்கை காட்டும் ஒரு கவுண்டரையும் சேர்த்து வைத்தார். நம்பர் நேரத்துக்கு வராமல் எந்தக் காவல்காரனாவது ஒரு பொடிசை நிறுத்தினால் அந்தக் கவுண்டர் ஒன்று ஏறும். சகலையின் கணக்கு ஒரு இடத்தில் பிசகினால் போதும், கவுண்டர் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று, "பாத்தீங்களா, நான் மட்டும் வைக்கலேன்னா கம்பெனி மானம் போயிருக்கும்" என்று சொல்ல வேண்டும். அந்த வசனத்தைக் குளிக்கும்போது இரண்டு மூன்று தடவை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து, தயாரிப்பு ஆலையில் இருந்து சிப் வந்து சேர்ந்தது. பலகையில் பொருத்தி ஓடவிட்டார்கள். எல்லா விடையும் சரி, எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. சின்னவன் துள்ளிக் குதித்தான். ஆனால் கரண்ட் மீட்டரைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. கையில் எடுத்துப் போகும் ஸ்கேன் கருவிக்காக வாங்கப்படும் சிப் அது. இரண்டு வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது பேச்சு. மீட்டர் இரண்டு புள்ளி நாலு காட்டியது.

ஏன் என்று அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். இருநூற்று ஐம்பத்தாறு காவல்காரர்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் எட்டி எட்டிப் பார்த்தால் சும்மாவா? எல்லோரும் மீட்டரைச் சுற்றி நின்றபோது பெரிய மாப்பிள்ளை தன் மேசைக்குப் போய்க் கவுண்டரைப் பார்த்தார். பூஜ்யம். முதல் நாள்தானே, பொறுப்போம் என்று திரையை மூடினார்.

டைரக்டர் மேடம் வேறு மாதிரி யோசித்தார். "அட்டவணைதான் சரியில்ல. நம்பர்களைத் தேவையில்லாம தூரமா அனுப்பறீங்க போல. அதுலதான் கரண்ட் போகுது. சரி பண்ணுங்க" என்று சின்னவனிடம் சொன்னார். அவனும் நம்பிவிட்டான். தன் மேல் பழி வந்தால் உடனே நம்பிவிடும் ஜாதி அவன். எந்தப் பொடிசை எதன் பக்கத்தில் உட்கார வைப்பது என்று திரும்பத் திரும்ப மாற்றி எழுதினான். ஒரு வாரம் கழித்து மீட்டர் இரண்டு புள்ளி மூன்று ஐந்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது.

பெரிய மாப்பிள்ளைக்கு அந்த நாட்களில் ஒரு வழக்கம் வந்தது. தினமும் மற்றவர்களுக்கு முன்னால் எட்டரை மணிக்கே வந்துவிடுவார். பையைக்கூட வைக்காமல் கவுண்டரைத் திறப்பார். பூஜ்யம். முந்தின நாள் பகல் முழுக்க, நொடிக்கு எழுபது கோடித் துடிப்பு வீதம் ஓடிய சிப். அத்தனை துடிப்பிலும் ஒரு நம்பர்கூட ஒரு துடிப்பு தாமதமாக வரவில்லை. மனுஷன் எழுதின கணக்கா இது என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சும்மா இருந்தால் தப்பு வராது என்று தானே களத்தில் இறங்கினார். ஏடாகூடமான சோதனைகளை எழுதினார். பதினாறால் வகுபடாத அளவில் படங்கள், பதினேழு வரிசைப் படம், ஒரே ஒரு வரிசைப் படம், பாதியில் நின்று திரும்ப ஆரம்பிக்கும் கணக்கு. எந்தக் கம்பைலரும் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் இருபது வருஷ அனுபவத்தில் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொன்றையும் சகலையிடம் கொடுத்து, "இதை ஓட்டிப் பாரு" என்றார்.

சின்னவன் கண் கலங்கிவிட்டான். "இவ்வளவு வேலைக்கு நடுவுல எனக்காக உக்காந்து எழுதறீங்க. இந்த ஆபீஸ்ல எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான், அண்ணே."

அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைத்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உறைத்த வேகத்தில் போய் அவர் பார்த்தது கவுண்டரைத்தான். பதினேழு வரிசைப் படத்துக்கும் பூஜ்யம்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி போன் பண்ணி அழறா. அவர் சரியா சாப்பிடறதே இல்லையாம். குழந்தை கூப்பிட்டா திரும்பறதில்லையாம். ஷேவ் பண்ணி எத்தனை நாளாச்சோ! நீங்கதானே அவருக்கு அண்ணன் ஸ்தானத்துல இருக்கீங்க? கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அவள் நிம்மதியாக உள்ளே போனாள்.

சொல்லிவிடலாம் என்று தோன்றாத நாளே இல்லை. ஒரு வரிக் கட்டளை, தீர்ந்தது விஷயம். ஆனால் பூஜ்யத்தோடு போய் என்னவென்று சொல்வது? "நான் வெச்ச காவல்காரனால ஒரு பிரயோஜனமும் இல்ல, உன் கணக்கு சுத்தம்" என்றா? அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. கவுண்டர் ஒன்று ஏறட்டும், ஒன்றே ஒன்று ஏறினால் போதும், அடுத்த நிமிஷம் சொல்லிவிடுகிறேன் என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டே பத்தொன்பது நாளை ஓட்டிவிட்டார்.

இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, டைரக்டர் மேடம் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார். வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை வரைக்கும்தான் பொறுப்பார்களாம். கம்பைலர் வேலையை வெளியில் வேறு குழுவுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும், சின்னவனை இந்த மாதத்தோடு விடுவிப்பதாகவும், இனி இரண்டு பிரிவையும் பெரிய மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். பெரியவர் ஆசைப்பட்டது எல்லாம், ஆசைப்பட்டதற்கு மேலேயும், தட்டில் வைத்து நீட்டியாயிற்று.

சின்னவன் எழுந்து நின்றான். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. "மேடம் சொல்றது சரிதான். அண்ணன் கட்டின சிப்புல தப்பு இருக்காது. இருபது வருஷமா அவர் வேலையை எல்லாரும் பாத்திருக்கோம். எங்கேயோ என் கணக்குலதான் கோளாறு. என்னால கண்டுபிடிக்க முடியல, மன்னிச்சிடுங்க" என்றான்.

பெரிய மாப்பிள்ளையால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "பத்து நிமிஷம் குடுங்க" என்று எழுந்து லேபுக்கு நடந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். விசைப்பலகையில் ஒரு வரி தட்டினார். மீட்டர் ஒன்று புள்ளி எட்டு நாலுக்கு வந்து நின்றது.

லேபே அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். சின்னவன் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு விம்மினான். "என்ன பண்ணினீங்க, சார்?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனால் எல்லோரும் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாராவது அவரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "பழைய சுவிட்ச் ஒண்ணு உள்ள இருந்தது. சட்டுனு ஞாபகம் வந்துச்சு, போட்டுப் பாத்தேன்" என்றார்.

"நீங்க இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்!" என்றார் டைரக்டர் மேடம். பிறகு, "ஆனா அந்த சுவிட்ச் ஆவணத்துல இல்லையே? வாங்கறவங்க கேப்பாங்க. அது எப்படி உள்ள வந்துச்சு, ஏன் எழுதலைன்னு நாலு மணிக்குள்ள ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றரை மணி வரைக்கும் பெரிய மாப்பிள்ளை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். எப்படி எழுதினாலும் பொய் பல்லை இளித்தது. அப்போது சின்னவன் இரண்டு கப் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். காலையில் இருந்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

"அண்ணே, நீங்க போட்ட சுவிட்ச் எதுக்குன்னு தோண்டிப் பாத்தா, காவல்காரனுக்கு. அதுக்கு ஒரு கவுண்டர் வேற இருக்கே. இப்பதான் பாத்தேன். பூஜ்யம் காட்டுது."

"ஆமா."

"நீங்க முதல்ல எப்ப பாத்தீங்க?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "சிப் வந்த அன்னைக்கு" என்றார்.

"அன்னைக்கும் பூஜ்யமா?"

"அன்னைக்கும், மறுநாளும், எல்லா நாளும்."

"பத்தொன்பது நாள், அண்ணே. எனக்கு இந்த வேலையே வராது போலன்னு நான் நெனச்சுட்டேன்" என்றான். கோபமாகச் சொன்னால்கூடத் தேவலை. "எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணு ஏறும்னு." குரல் அவருக்கே கேட்கவில்லை. "உன் கணக்குல ஒரு தப்பு. ஒரே ஒரு தப்பு."

சின்னவன் எழுந்தான். "என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? ஒரு தப்புதானே, நானே பண்ணிக் குடுத்திருப்பேனே" என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் வெளியே போனான்.

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வலித்தது போக, பெரிய மாப்பிள்ளைக்கு இன்னொன்றும் வந்தது. வேறு என்ன, பொறாமைதான். இப்படி ஒரு வார்த்தை தனக்கு ஜென்மத்தில் வாயில் வருமா? கணக்கிலும் இவன் பெரியவன், மனசிலும் இவனே பெரியவனா? விட மாட்டேன், இதிலாவது நான் முந்திக்கொள்கிறேன், நேராகப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று வீறாப்பாக எழுந்து டைரக்டர் அறைக்கு நடந்தார்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சின்னவனின் குரல் கேட்டது.

"அந்தக் காவல்காரனை விட்டு வைக்கச் சொன்னதே நான்தான், மேடம். என் கணக்கைச் சோதிச்சுப் பாக்க. அண்ணன் வைக்கவேண்டாம்னுதான் சொன்னார். ஆவணத்துல எழுதறேன்னு பொறுப்பு ஏத்துக்கிட்டு நான்தான் மறந்துட்டேன்."

"மூணு வாரம் கம்பெனி முழுக்க நின்னு போச்சு. இப்ப வந்து மறந்துட்டேன்னு சொன்னா? உங்களை எதை நம்பி நான் வெச்சுக்கறது?"

"புரியுது, மேடம்."

பெரிய மாப்பிள்ளை வாசலில் நின்றார். சத்தம் போடாமல் திரும்பி நடந்தால் போதும். பதவியும் பேரும் அவருக்கு, பழி சகலைக்கு, அதுவும் அவனே விரும்பி வாங்கிக்கொண்டது. ஒரு நிமிஷம் நின்றார். இரண்டு நிமிஷம்கூட இருக்கலாம். அப்போதுதான் பளிச்சென்று பட்டது, பையன் தப்பு பண்ணிவிட்டான்! பத்தொன்பது நாள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்த தப்பு இதோ கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. இதைப் போய் விடுவாரா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"பொய் சொல்றான், மேடம். நம்பாதீங்க. இவனுக்கு எண்ணத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. எடுக்கச் சொன்னதை எடுக்காம வெச்சது நான். எழுதாம விட்டது நான். தினமும் காலையில வந்து பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்."

டைரக்டர் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "ஏன்?"

அந்த ஒரு சொல்லை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

"பொறாமை, மேடம்" என்றார்.

சொல்லிவிட்டுச் சகலையைத் திரும்பிப் பார்த்தார். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பார், அழுகைகூட இவனுக்குத்தான் முதலில் வருகிறது என்று அந்த நேரத்திலும் அவருக்கு வயிறு எரிந்தது.